குட்டியானைக்கு நான் பார்த்த வைத்தியம்

டீசல் எஞ்சின் ஓடும் விதத்தைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். ஒரு பக்கம் அழுத்தம், ஒரு பக்கம் கனஅளவு, நான்கு கோடுகள், சுற்றிலும் அம்புக்குறி. கல்லூரியில் இயற்பியல் எடுக்கிறவனுக்கு இது சோறு போடும் படம். ருடால்ஃப் டீசல் 1858-இல் பாரிஸில் பிறந்தார், 1897-இல் ஆக்ஸ்பர்க்கில் தன் எஞ்சினை உருப்படியாக ஓட்டிக் காட்டினார், 1913 செப்டம்பரில் இங்கிலாந்துக்குக் கப்பலேறி நடுக்கடலில் காணாமல் போனார் என்பது வரை தேதியோடு சொல்வேன். டீசல் காணாமல் போன கதை தெரிந்த எனக்கு, என் வண்டியில் டீசல் எங்கே காணாமல் போகிறது என்று மட்டும் பிடிபடவில்லை.

வண்டி ஒரு குட்டியானை. ஆர்.சி. புத்தகத்தில் டாட்டா ஏஸ் என்று இருக்கும். பொள்ளாச்சிப் பக்கம் அந்தப் பெயரைச் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். 2005-இல் வந்த மாடல். 702 சிசி, இரண்டே சிலிண்டர், 16 குதிரைசக்தி. அதே கம்பெனியின் இண்டிகா காரில் ஓடிய 1405 சிசி எஞ்சினைப் பாதியாக்கி எடுத்தது. அதை வைத்துக்கொண்டு முக்கால் டன் இழுக்கும். சீட்டைத் தூக்கினால் அடியில் எஞ்சின் உட்கார்ந்திருக்கும் என்பதால், அதற்குக் காய்ச்சல் வந்தால் ஓட்டுகிறவருக்குத்தான் முதலில் தெரியும், தெரியவேண்டிய இடத்தில் தெரியும். வண்டியைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. குறையெல்லாம் அதற்கு வாய்த்தவர்களிடம்தான்.

விற்றவர் ஒரு தோப்புக்காரர். மகனுக்கு வெளியூரில் வேலை கிடைத்ததும் வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு மறந்துபோனார். அப்பா விட்டுப்போன தோப்பிலிருந்து காயை மண்டிக்கு ஏற்ற ஒவ்வொரு வெட்டுக்கும் வாடகை வண்டிக்கு அழுவானேன் என்று நான் விலை பேசப் போனேன். "கை வெக்காத எஞ்சினுங்க" என்றார். வண்டி வியாபாரத்தில் அதற்கு, பிரித்து வேலை பார்க்காத எஞ்சின் என்று அர்த்தம். இதில் உண்மையிலேயே ஒரு கை பட்டு ரொம்ப நாளாகியிருந்தது. சீட்டுக்கு அடியில் எலி குடும்பம் நடத்திவிட்டுப் போயிருந்தது. ஏர் ஃபில்டருக்குள் புளிய இலை.

டீசல் டாங்க் கம்பெனி டாங்க் அல்ல. பழையது ஓட்டையாகி, எங்கோ பட்டறையில் தகரத்தில் அடித்து மாட்டியது. அடி போல்ட்டைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து ஜன்னலோரம் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் பாட்டில் பிரிந்து நின்றது. மேலே பழுப்பேறிய டீசல். கீழே தண்ணீர். இரண்டும் தொடும் இடத்தில் கறுப்பாக, சளிப்பதத்தில் ஒரு படலம். பாட்டிலைச் சாய்த்தால் அதுவும் சோம்பலாகச் சாய்ந்தது. டீசலும் தண்ணீரும் சேரும் எல்லையில் நுண்ணுயிர்கள் வளரும், டீசலையே தின்று உயிர் வாழும் என்று படித்ததும் எனக்கு மெய்சிலிர்த்தது. மாணவர்களுக்குக் காட்டலாம் என்று எடுத்துவைத்தேன். சமையலறை ஜன்னல் என்பதால் மனைவிக்குச் சிலிர்க்கவில்லை.

டாங்க்கைக் கழுவி, ஃபில்டர் மாற்றி, புது டீசல் ஊற்றி, ஹேண்ட் பம்பை அமுக்கி அமுக்கி நுரை நின்று டீசல் கம்பியாக வரும்வரை ஏர் எடுத்தேன். வண்டி பற்றிக்கொண்டது. என்னைக் கெடுத்தது அந்த ஒரு வெற்றிதான்.

மறுநாள் விடியற்காலை சாவியைத் திருப்பினால் எஞ்சின் நொண்டியது. பின்னால் வெள்ளைப் புகை தோப்பையே மறைத்தது. நான் பதறவில்லை. இரவில்தான் படித்திருந்தேன்: வெள்ளைப் புகை என்றால் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கி ஆவியாக வருகிறது. முந்தின இரவில் எதைப் படிக்கிறேனோ அந்த வியாதி மறுநாள் வண்டிக்கு வந்துவிடும். மண்டியில், டீக்கடையில், ஸ்டாஃப் ரூமில் எல்லோரிடமும் "ஹெட் இறக்கணும், லேத்தில் கொடுத்து ஃபேஸிங் அடிக்கணும்" என்று கவலையாகச் சொன்னேன். கவலையில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. கைமருந்தாக ரேடியேட்டரில் மஞ்சள்தூளும் போட்டேன். ஒழுகும் ரேடியேட்டருக்கு லாரிக்காரர்கள் செய்கிற பழைய வித்தை அது. என் ரேடியேட்டர் ஒழுகவில்லை என்பதை யோசிக்கவில்லை.

மெக்கானிக் ஸ்பேனரையே எடுக்கவில்லை. சைலன்சர் குழாய்க்குப் பின்னால் குத்தவைத்து, உள்ளங்கையைப் புகையில் காட்டி மோந்தார். அப்படியே என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"என்ன வாசமுங் சார்?"

"டீசல்."

"தண்ணி ஆவியானா டீசல் வாசம் வருமுங்களா?"

வராது. வேகாத டீசல்தான் அப்படிக் கண்ணை எரித்துக்கொண்டு வெள்ளையாக வரும். இந்த எஞ்சினில் டீசல் நேராக சிலிண்டரில் பாயாது. ஹெட்டுக்குள் ஒரு சின்ன அறையில் பாய்ந்து, அங்கே பற்றிக்கொண்டு பிறகுதான் கீழே வரும். குளிர்ந்து கிடக்கும்போது அந்த அறைச் சுவரே காற்றின் சூட்டைக் குடித்துவிடும். அதற்காகத்தான் சிலிண்டருக்கு ஒரு ஹீட்டர் பிளக். மெக்கானிக் டெஸ்ட் லேம்ப்பின் ஒரு முனையை பேட்டரியிலும் மறுமுனையைப் பிளக் தலையிலும் வைத்தார். ஒன்றில் பல்பு எரிந்தது, இன்னொன்றில் எரியவில்லை. நாலு சிலிண்டர் வண்டியில் ஒரு பிளக் போனால் மற்ற மூன்றும் சேர்ந்து ஒப்பேற்றிவிடும். இரண்டு சிலிண்டரில் ஒன்று போனால் பாதி எஞ்சின் படுத்துவிட்டது என்று அர்த்தம். சில நூறு ரூபாய் சாமான். ஹெட்டை இறக்காமலே வேலை முடிந்ததில் எனக்குச் சின்ன ஏமாற்றம்தான்.

சும்மா இருக்காமல் ரேடியேட்டர் மூடியையும் திறந்து பார்த்தார். சமையலறை வாசம் அடித்தது. விரலை விட்டு எடுத்தார். நகம் வரை மஞ்சள்.

"இத யாருங்க போட்டது?"

"பழைய ஓனர்" என்றேன். யோசிக்கவே இல்லை, தானாக வந்தது.

ஒருமுறை சொன்ன பொய் அடுத்ததற்கு வழி விட்டுவிடுகிறது. எஃப்.சி.க்குக் காட்டப் போகும் முன் வண்டி பளிச்சென்று இருக்கட்டும் என்று நானே சேஸிஸுக்குக் கறுப்பு பெயின்ட் அடித்தேன். போல்ட், வயர் என்று பாரபட்சம் பார்க்கவில்லை. கழற்றிவைத்திருந்த எர்த் வயரை ஈரம் காயாத பெயின்ட் மேலேயே வைத்து முறுக்கினேன். அதன் பிறகு சாவியைத் திருப்பினால் செல்ஃப் "டக்" என்று ஒரு சத்தம் போடும், அதோடு சரி. பேட்டரிதான் என்று தீர்ப்பெழுதிப் புதுசு வாங்கினேன். புது பேட்டரியும் "டக்" என்றது. செல்ஃப் மோட்டாரைக் கழற்றி, கார்பன் பிரஷ் மாற்றி, மாட்டினேன். "டக்."

இதை எழுதக் கூசுகிறது. செல்ஃப் 100 ஆம்பியர் கேட்கும் இடத்தில் குறுக்கே 0.05 ஓம் தடை இருந்தால் எத்தனை வோல்ட் வீணாகும் என்று நானே கேள்வித்தாளில் கேட்டிருக்கிறேன். விடை 5 வோல்ட்; இரண்டு மதிப்பெண். 12 வோல்ட்டில் அஞ்சு போனால் மிச்சத்தில் செல்ஃப் டக்கென்று முனகத்தான் முடியும். மெக்கானிக் ஒரு ஜம்பர் கேபிளை பேட்டரி மைனஸிலிருந்து எஞ்சின் உடம்புக்கு நேராகக் கொடுத்தார். செல்ஃப் சுழன்று, வண்டி ஸ்டார்ட் ஆனது. உப்புத்தாளால் சேஸிஸில் ஒரு ரூபாய் அளவுக்குப் பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு மினுங்கியதும் வயரை வைத்து முறுக்கினார்.

"பெயின்ட் மேல எர்த் குடுத்தது யாருங் சார்?"

"எல்லாம் அந்த மனுஷன் வேலைதான்."

தலையை ஆட்டிக்கொண்டார். பழைய ஓனருக்கு என் வாயால் அதற்குள் நல்ல பெயர் வந்திருந்தது.

மூன்றாவது வியாதிதான் என்னை ஆராய்ச்சியாளனாக்கியது. பொள்ளாச்சியிலிருந்து உடுமலை ரோட்டில் போனால் கோமங்கலம் வரை ஒழுங்காகப் போகும். தாண்டியதும் இழுவை குறையும், ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் மூச்சு வராது, ஓரங்கட்டினால் நின்றுவிடும். ஒரு டீ குடித்துவிட்டு வந்து அடித்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். நோட்டுப் போட்டேன். தூரம், வெயில், சுமை, டாங்க்கில் டீசல் அளவு, நின்ற இடம். வரைபடமும் போட்டேன். முடிவு: டீசல் பம்ப் தேய்ந்துவிட்டது. சூடேறினால் டீசல் நீர்த்துவிடும், நீர்த்த டீசல் தேய்ந்த பம்புக்குள் கசியும், நாசிலுக்கு அழுத்தம் போதாது. இன்றைக்கும் சொல்கிறேன், அது ஒரு அழகான விளக்கம். அதில் பிசகே கிடையாது, என் வண்டியில் அது நடக்கவில்லை என்பதைத் தவிர.

பம்பைக் கழற்றி சர்வீஸ் பட்டறைக்கு அனுப்பினேன். "பம்ப் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, சீல் மாற்றி, கேலிப்ரேஷன் பார்த்ததற்குப் பணம் வாங்கிக்கொண்டார்கள். நியாயம்தான். மாட்டி ஓட்டினேன். கோமங்கலம் தாண்டியதும் நின்றது.

கடைசியில் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு போனேன். வழக்கமான இடத்தில் வண்டி மூச்சிழுத்து நின்றது. நான் சீட்டைத் தூக்கப் போனேன். அவர் எஞ்சின் பக்கமே வரவில்லை. டாங்க்கிடம் போய்க் குனிந்து மூடியைத் திருகினார்.

உஸ்ஸ்ஸ் என்று நீளமாகக் காற்று உள்ளே போனது. தகர டாங்க் "டொம்" என்று ஒரு சத்தம் போட்டு உப்பிக்கொண்டது.

"இப்ப அடிங் சார்."

அடித்தேன். ஓடியது.

மாக்டபர்க் நகர மேயர் ஓட்டோ ஃபான் கெரிக்கே 17-ஆம் நூற்றாண்டில் இரண்டு செம்பு அரைக்கோளங்களைப் பொருத்தி, உள்ளிருந்த காற்றை உறிஞ்சியெடுத்து, பக்கத்துக்கு எட்டாக 16 குதிரைகளைப் பூட்டி இழுக்கவிட்டதை வருஷா வருஷம் வகுப்பில் இரண்டு கையையும் விரித்து நடித்துக் காட்டுவேன். வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம் அப்படிப் பிடித்துவைத்திருக்கிறது என்று சொல்லும்போது குரலை இறக்குவேன். டாங்க்கிலிருந்து டீசல் போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். வர வழியில்லாவிட்டால் உள்ளே வெற்றிடம் ஏறி ஏறி, ஒரு கட்டத்தில் எஞ்சினால் டீசலை உறிஞ்ச முடியாது. நிறுத்திவைத்தால் சந்துபொந்து வழியாகக் கொஞ்சம் காற்று கசிந்து ஏறும், மறுபடி ஓடும். என் எஞ்சினுக்கும் 16 குதிரைதான். கெரிக்கேயின் குதிரைகள் தோற்ற இடத்தில்தான் அவையும் தோற்றுக்கொண்டிருந்தன.

மெக்கானிக் மூடியைத் திருப்பிப் பார்த்தார். உட்பக்கம் சைக்கிள் டியூபில் வெட்டிய ஒரு வட்டம், பஞ்சர் சொல்யூஷன் போட்டுக் கச்சிதமாக ஒட்டியிருந்தது. மேடு பள்ளத்தில் டீசல் தெறித்து வீணாகிறதே என்று நான் செய்தது. வட்டத்தின் நடுவில் காம்பஸ் முள் குத்திய புள்ளிகூட அப்படியே தெரிந்தது.

"வட்டம் சுத்தமா வந்திருக்குதுங்" என்றார்.

"பழைய ஓனர்..." என்று ஆரம்பித்தேன்.

"அவருகிட்ட ஏதுங் சார் காம்பஸ்?" நகத்தால் ரப்பரை உரித்தார். அடியில் மூடியின் நடுவே சின்னத் துளை. "இந்த டாங்க் நம்ம பட்டறையில அடிச்சதுங். காத்து போறதுக்கு இந்த ஓட்டையப் போட்டது நானு. வண்டியப் புளியமரத்தடியில நிறுத்தற வரைக்கும் அவருக்கு சர்வீஸ் பண்ணுனதும் நாந்தானுங்."

அப்படியானால் ரேடியேட்டரில் மஞ்சளைப் பார்த்த அன்றைக்கே அவருக்குத் தெரியும். திரும்பி வரும் வழியெல்லாம் வண்டி அருமையாக ஓடியது. பேசத்தான் ஒன்றும் அகப்படவில்லை. அவர் ஜன்னலோரம் தோப்புகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கணக்கை நோட்டுத்தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தார். ஹீட்டர் பிளக். ரேடியேட்டர் ஃப்ளஷ், கூலன்ட். எர்த் வயர் வேலை. கடைசி வரியில்: "பழைய ஓனர் செய்ததைச் சரி செய்த கூலி – 1,500."

பழக்கதோஷத்தில் வாய் திறந்துவிட்டேன். "இது கொஞ்சம் ஜாஸ்திங்களே?"

"அப்பிடீங்களா? வேணும்னா அவருகிட்டயே வாங்கிக்கட்டுங்களா சார்?" என்று போனைக் கையிலெடுத்தார்.

எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.