மேக்ரோ மாமணி

எந்த ஐ.டி. அலுவலகத்துக்குப் போனாலும் இவர் ஒருவர் இருப்பார். மவுஸ் இவருக்கு ஆகாது. அம்புக்குறி விசையும் ஆகாது. விம் எடிட்டரில் மேலே கீழே, இடம் வலம் போக ஹெச், ஜே, கே, எல்தான். "ஏன் சார்?" என்று கேட்டீர்களோ, தொலைந்தீர்கள். விம்முக்கு முன்னோடியான 'விஐ'யை பில் ஜாய் எழுதிய ஏடிஎம்-3ஏ டெர்மினலில் அந்த நாலு எழுத்தின் மேல்தான் அம்பு போட்டிருந்தது என்று ஆரம்பிப்பார். பிராம் மூலெனார் 1991-ல் விம்மை வெளியிட்ட கட்டம் வருவதற்குள் உங்கள் காபி ஏடு கட்டியிருக்கும்.

ஒரே வேலையை இரண்டாம் தடவை கையால் செய்வது இவருக்கு மானப் பிரச்சினை. ஒருநாள் வாடிக்கையாளர் பட்டியல் வந்தது. நாற்பது பெயர். முன்னால் இருக்கும் இனிஷியலைப் பின்னால் போட வேண்டும், அவ்வளவுதான்.

"கையாலயே மாத்திடவா சார்?" என்றது புதிதாகச் சேர்ந்த பெண்.

"கையாலயா? மேக்ரோ எதுக்கும்மா இருக்கு?"

க்யூ, ஏ தட்டினார், இனி தட்டும் விசைகளின் பதிவு ஆரம்பம். பூஜ்யம் தட்டினால் வரியின் தலை. டி, எஃப், ஒரு இடைவெளி, இனிஷியல் காலி. பெரிய ஏ போட்டு வரிக்கடைசிக்குப் போய் ஓர் இடைவெளி, எஸ்கேப். பி தட்டியதும் இனிஷியல் அங்கே வந்து ஒட்டிக்கொண்டது. ஜே, அடுத்த வரி. மறுபடி க்யூ. "இப்ப பாரு" என்று 39, அட், ஏ தட்டினார்; பதிந்தது இன்னும் 39 தடவை ஓட வேண்டும்.

எட்டாவது வரியில் நின்றுவிட்டது. அங்கே வெறும் 'செல்வி'. இனிஷியலும் இல்லை, இடைவெளியும் இல்லை. தேடியது கிடைக்காவிட்டால் மேக்ரோ அந்த இடத்திலேயே வேலைநிறுத்தம் செய்துவிடும். செல்வியைத் தாண்டி ஓட்டினார். 'எம். எஸ். ராகவன்' என்பவர் 'எஸ். ராகவன் எம்.' ஆனார். 'முத்து லட்சுமி' பாவம், 'லட்சுமி முத்து' ஆகிப்போனார்.

"புள்ளி இருக்கிற வரிய மட்டும் குளோபல் கட்டளையில பிடிச்சு, நார்மலோட கோத்து, அதுக்குள்ள மேக்ரோவ விட்டா முத்துலட்சுமி தப்பிச்சிடுவாங்க" என்றார். சரியான யோசனைதான். ரெண்டு இனிஷியல்காரர்களுக்கு? அதற்குத் தன்னைத் தானே கூப்பிட்டுக்கொள்ளும் இன்னொரு மேக்ரோ. அவர் அதில் மூழ்கியிருக்க, அந்தப் பெண் நாற்பதையும் கையால் மாற்றி மெயிலும் அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டது.

நேரம் மிச்சம் பிடிக்கத்தான் மேக்ரோ என்பார். நம்பாதீர்கள். அலுப்புத் தட்டும் வேலையை அலுக்காத வேலையாக மாற்றிக்கொள்கிறார், அதுதான் விஷயம். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாற்பதாயிரம் வரியில் ஒரு ஃபைல் வந்து விழுந்தால் மேனேஜர் நேராக இவர் மேஜைக்குத்தான் வருவார். நாம் பஸ்ஸைப் பிடிப்பதற்குள் இவர் முடித்தும் கொடுத்துவிடுவார்.

உங்கள் அலுவலகத்து மாமணியிடமும் தாராளமாக வேலையைக் கொடுங்கள். கொடுக்குமுன் ஃபைலுக்கு ஒரு நகல் மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.