ரகசியம் வைத்துக்கொள்ள வக்கு வேண்டாமா?

“நம்மகிட்ட மறைக்கறதுக்கு என்னுங்க இருக்குது?”

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் எந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அந்தரங்கம், தகவல் திருட்டு என்று பேச்செடுத்தாலும் முதலில் வந்து விழுவது இந்த வாக்கியம்தான். சொல்கிறவரைக் கொஞ்சம் கவனியுங்கள். பீரோ சாவி அரைஞாணில் தொங்கும். மகளுக்கு எத்தனை பவுன் சேர்த்திருக்கிறார் என்பது கூடப்பிறந்த தம்பிக்குத் தெரியாது. காட்டை விற்ற விலை பத்திரத்தில் ஒன்று, பங்காளியிடம் சொன்னது ஒன்று, கைக்கு வந்தது ஒன்று. ஜாதகத்தில் இருந்த செவ்வாயையே அமுக்கி வைத்துக் கல்யாணத்தை முடித்த கெட்டிக்காரர். இந்தச் சமவெளியில் தலைக்கு மேல் கூரைகூட இல்லாமல் ஒளிவுமறைவின்றி நிற்பவர் நாமக்கல் ஆஞ்சநேயர் ஒருவர்தான். அவருக்கு 18 அடி உயரம், எவனும் ஒன்றும் செய்துவிட முடியாது. அஞ்சரை அடி ஆசாமிகளுக்கு மறைக்க நிறையவே இருக்கிறது.

ஆனால் ஜவுளிக்கடைக் கல்லாவில் ஒரு பெண் “நம்பர் சொல்லுங்கண்ணா” என்றால் போதும். பத்து இலக்கமும் பள்ளிக்கூட வாய்ப்பாடு மாதிரி சத்தமாக வரும். பின்னால் வரிசையில் நிற்பவர்களும் கேட்டுக்கொள்வார்கள். உள்பாவாடை நாடா வாங்கினாலும் நம்பர். எதற்கம்மா என்று கேட்டுப் பாருங்கள்: “நம்பர் இல்லாம பில் வராதுங்கண்ணா, சிஸ்டம் எடுக்காது.” சிஸ்டம் என்பது கோட்டை மாரியம்மனைவிட உக்கிரமான தெய்வம். அதை யாரும் கண்டதில்லை, எதிர்த்துப் பேசியதும் இல்லை. 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பில் போடுவதற்குக் கைபேசி எண் கேட்டு வற்புறுத்துவது நியாயமற்ற வணிகம் என்று சில்லறை வியாபாரிகளுக்கு அறிவுரை அனுப்பியது. அந்த அறிவுரை சேலம் அஞ்சு ரோடு ஈரடுக்கு மேம்பாலத்தில் மேலே ஏறி நேராகப் போய்விட்டது போலிருக்கிறது. கடைகள் எல்லாம் கீழே இருக்கின்றன.

மருந்துக்கடை இன்னும் அருமை. சர்க்கரை வியாதி வந்ததைச் சம்பந்தி வீட்டுக்குத் தெரியாமல் மகள் கல்யாணம் முடியும்வரை மறைத்து வைக்கிற அம்மாக்கள் உண்டு இங்கே. விருந்தில் பாயசத்தையும் குடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து மாத்திரை போடுவார்கள். அதே அம்மா மருந்துக்கடையில் பத்து சதவீதத் தள்ளுபடிக்காக நம்பரோடு வியாதியையும் பதிந்துவிட்டு வருகிறார். மாத முடிவில் போன் வரும்: “அம்மா, மாத்திரை தீர்ந்திருக்குமே, அனுப்பட்டுங்களா?” அம்மாவுக்குக் கண் கலங்கிவிடுகிறது. பெற்ற பிள்ளை இப்படி ஒரு நாள் கேட்டானா?

மே மாதத்துக்கு வருவோம். முட்டை, லாரி, மதிப்பெண் மூன்றும் நாமக்கல்லில் மொத்த வியாபாரம். பிளஸ் டூ முடிவு வருகிற வாரத்தில், ஊரில் பிள்ளை படித்த ஒவ்வொரு வீட்டிலும் போன் அலறும். “சார், பையனுக்கு சிஎஸ்ஸா, ஏஐயா? ஹாஸ்டல் ஃப்ரீ சார்.” பையன் பெயர் தெரிகிறது, எடுத்த குரூப் தெரிகிறது, அப்பாவின் நம்பர் தெரிகிறது. தேர்வுக்காகப் பள்ளியில் எழுதிக் கொடுத்த நம்பர், பேர் கேள்விப்படாத பொறியியல் கல்லூரி வரைக்கும் எப்படிப் போனது? பள்ளியைக் கேட்டால் நாங்கள் இல்லை. கல்லூரியைக் கேட்டால், எங்களுக்கு ஏஜென்சி தந்தது. ஏஜென்சி என்றால் யார்? அது சிஸ்டத்துக்குத் தம்பி முறை. அப்பாவுக்குக் கோபம் வர வேண்டும் அல்லவா? வராது. டீக்கடையில் மார்தட்டுவார்: “நம்ம பையனைத் தேடி நாப்பது காலேஜ்ல இருந்து கூப்பிடறாங்க.” திருட்டுப் போன பொருளைத் திருடனே விலை பேச வந்தால் அதைக் கௌரவம் என்று எடுத்துக்கொள்கிற பெருந்தன்மை நம்மிடம்தான் உண்டு.

தனியார்தான் அப்படி, அரசாங்கத்திடம் கொடுத்தால் பத்திரமாக இருக்கும் என்கிறவர்கள் ஒரு கட்சி. அவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. 2020 அக்டோபரில் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளுக்குக் கைரேகைக் கருவி வந்தது, போலிகளை ஒழிக்க. 2021இல் தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டப் பயனாளிகள் சுமார் 50 லட்சம் பேருடைய ஆதார் எண், முகவரி, குடும்ப விவரங்கள் இணையத்தில் கிடப்பதாகப் பெங்களூரு இணையப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று கண்டு சொன்னது. போலிகளை ஒழிக்கப் போய் அசல்களைச் சந்தையில் விட்டோம். 2023 ஜூனில் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களின் கோவின் விவரங்களை டெலிகிராமில் ஒரு தானியங்கி ‘பாட்’ கேட்டவருக்கெல்லாம் வாரிக் கொடுத்தது. ஆதாரமற்ற செய்தி என்றது சுகாதார அமைச்சகம். சில நாளில் டெல்லி போலீஸ் பீகாரில் ஒருவரைப் பிடித்தது. ஆதாரம் இல்லாத கசிவுக்கு ஆள் மட்டும் எப்படியோ கிடைத்துவிட்டார். தனியாரும் சளைக்கவில்லை: 2024இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள், மருத்துவ அறிக்கைகள் உட்பட, அதே டெலிகிராமில். மூன்று கோடிக்கு மேற்பட்டவர்களுடையது என்றான் திருடியவன். அந்தக் காப்பீட்டுக்காரர்களிடம் நாம் எவ்வளவு நேர்மையாக இருந்தோம்! பத்து வருடத்துக்கு முந்தைய மூலத்தைக்கூட மறைக்கக் கூடாது, மறைத்தால் பணம் வராது என்று பயமுறுத்தி அல்லவா எழுதி வாங்கினார்கள்!

“பிடிக்கலைன்னா குடுக்காதீங்க, உங்க சாய்ஸ்” என்று தோளைக் குலுக்குகிற படித்த கட்சி ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் பெங்களூரிலிருந்து பொங்கலுக்கு வருகிறவர்கள். அவர்களை ராசிபுரம் பக்கம் ஒரு ரேஷன் கடைக்குக் கூட்டிப் போக வேண்டும். மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் உரித்தே விரல் தேய்ந்த ஆயா ஒவ்வொரு விரலாக மாற்றி மாற்றி வைக்கிறாள். “ரேகை விழுகலை ஆயா. கையைக் கழுவிட்டு வந்து வை.” கழுவிவிட்டு வந்தும் விழவில்லை. எழுபது வருடம் உழைத்த கைக்கு அரசாங்கம் கொடுக்கும் சான்றிதழ் இதுதான்: நீ நீயில்லை. அவளிடம் போய்ச் சொல்லுங்கள், உன் சாய்ஸ் என்று. 2022 நவம்பரில் மின்வாரியம் ஆதாரை இணைக்கச் சொன்னபோது முறுக்கிக்கொண்டு இருந்து பாருங்கள் என்று விசைத்தறிக்காரரிடம் சொல்லிப் பார்த்திருக்கலாம். பில் கட்டப் போன இடத்தில் இணைத்தால்தான் ஆச்சு என்றார்கள். சிறப்பு முகாம், வரிசை, நெட்வொர்க் இல்லை, மறுபடி வரிசை. கெடுவைத் தள்ளித் தள்ளி 2023 பிப்ரவரி கடைசி வரை இழுத்தார்கள். லாரிக்காரருக்கு 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் சாய்ஸ் வந்தது: ஒட்டலாம், ஒட்டாமல் இரண்டு மடங்கு கட்டலாம். அவர் அஸ்ஸாமுக்கு முட்டை ஏற்றிப் போனால், எந்தச் சுங்கச்சாவடியில் எத்தனை மணிக்கு நுழைந்தார் என்று முதலாளியின் போன் கிணுகிணுக்கும். டீ குடிக்க நின்ற நேரத்துக்குக்கூடக் கணக்குக் கேட்பார்கள்.

பண்ணையில் கூண்டுக்குள் இருக்கும் முட்டைக்கோழிக்கும் தீனி அளந்துதான் வருகிறது, வெளிச்சம் நேரம் பார்த்துதான் எரிகிறது, இடுவது எண்ணப்படுகிறது. ஒரு விஷயத்தில் மட்டும் கோழி கொடுத்து வைத்தது. அதனிடம் யாரும் முப்பது பக்க விதிமுறையைக் காட்டி ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அமுக்கச் சொல்வதில்லை.

இனி கடனுக்கு வருகிறேன். மறைக்க ஒன்றுமில்லை என்று சொல்வதற்கு உண்மையிலேயே தகுதி உள்ளவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். கையில் போன், போனில் செயலி, ஆதாரைக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் ஐயாயிரம். செயலி கேட்பது ஒன்றே ஒன்று, போனில் உள்ள பெயர்கள் எல்லாவற்றையும் பார்க்க அனுமதி. கொடுத்தாயிற்று. தவணை ஒரு நாள் தவறினால் மாமனாருக்குப் போகும், மேஸ்திரிக்குப் போகும், மகளின் டீச்சருக்குப் போகும், ஒட்டு வேலை செய்த ஆபாசப் படத்தோடு. ரிசர்வ் வங்கியின் குழு 2021இல் அலசியதில் சுமார் 1,100 கடன் செயலிகளில் 600 சட்டவிரோதமானவை. 2022 செப்டம்பரில், கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலைத் தொடவே கூடாது என்று வங்கி விதி போட்டது. சட்டவிரோதச் செயலிக்காரன் விதியைப் படித்துத் திருந்திவிடுவான் என்ற நம்பிக்கை வங்கிக்கு இருந்திருக்க வேண்டும்.

செயலி இல்லாத தெருவில் குழுக் கடன். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும், ஆகவே ஒருத்தியின் வறுமை பத்து வீட்டுக்குத் தெரிந்தே தீர வேண்டும். திட்டமே அதன் மேல்தான் நிற்கிறது. வசூல்காரர் வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு உட்கார்ந்தால் தெருவே கணக்குப் பார்த்துக்கொள்ளும். இப்படி வசூலிப்பதைத் தடுக்க 2025இல் தமிழ்நாடு தனிச் சட்டமே போட வேண்டி வந்தது.

அதே 2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையத்தின் பெயர் பத்திரிகையில் வந்தது. கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளிகளைத் தேடிப் பிடித்துக் கிட்னியை விற்க வைத்திருந்தார்கள் தரகர்கள். அரசு விசாரித்தது, இரண்டு தனியார் மருத்துவமனைகளின் உறுப்பு மாற்று உரிமம் நிறுத்தப்பட்டது, உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. நடக்கட்டும். என் கேள்வி வேறு. ஆயிரக்கணக்கான தறிகள் ஓடுகிற ஊரில் எந்தத் தறிக்காரன் கழுத்து வரை கடனில் இருக்கிறான், எவன் வீட்டில் மகளுக்குக் கல்யாணம், எவனுக்கு இனி அடகு வைக்க ஒன்றும் மிச்சமில்லை என்று தரகனுக்கு எப்படித் தெரிந்தது? இதற்குக் கம்ப்யூட்டர்கூட வேண்டியிருக்கவில்லை. ஏழையின் நெருக்கடி இந்த நாட்டில் பொதுச் சொத்து. அதை ஒளித்துக்கொள்ள அவனுக்கு ஒரு கதவு இருந்திருந்தால், தட்டுகிறவன் கொஞ்சம் யோசித்திருப்பான். ‘மறைக்க என்ன இருக்கு’ என்ற பெஞ்சுப் பேச்சை அவனிடம் போய்ச் சொல்லுங்கள் பார்ப்போம். சட்டையைத் தூக்கித் தையலைக் காட்டுவான்.

இதில் ஒரு பொருத்தம் பாருங்கள். 2017 மே மாதம், வருமான வரிக்கு ஆதாரைக் கட்டாயமாக்கிய வழக்கில், தன் உடல் மீது ஒருவருக்கு முழு உரிமை உண்டு என்பது கட்டுக்கதை என்று உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார் அன்றைய அட்டர்னி ஜெனரல் முகுல் ரோத்தகி. அதே ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று, கர்நாடகத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள். தீர்ப்பு டெல்லியில் கிடைத்தது. பள்ளிபாளையத்துத் தரகர் பேப்பர் படிக்கிற பழக்கம் இல்லாதவர், அவருக்கு அட்டர்னி ஜெனரல் சொன்னதுதான் நடைமுறைக்கு ஒத்து வந்தது.

தீர்ப்பு வந்து ஆறு வருடம் உட்கார்ந்து யோசித்து 2023 ஆகஸ்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். படித்தால் புல்லரிக்கும். உங்கள் தகவலைக் கோட்டைவிட்ட நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம். யாருக்குப் போகும் அந்தப் பணம்? தகவல் போனவருக்கு என்று நினைத்தீர்களானால் நீங்கள் இன்னும் பச்சைப் பிள்ளை. இந்தியத் தொகுப்பு நிதிக்கு, அதாவது அரசாங்கத்துக்கு. பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்கப் பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஏ என்று ஒரு பிரிவு இருந்ததே? அதையும் நீக்கச் சொல்லிவிட்டது புதுச் சட்டம். தப்பித் தவறி நீங்கள் கொடுத்த புகார் அற்பமானது என்று தரவுப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தால் உங்களுக்கு 10,000 ரூபாய் வரை தண்டம். வீடு புகுந்தவனைப் பற்றிப் புகார் கொடுக்க ஸ்டேஷனுக்குப் போகும்போது நாமும் பணம் எடுத்துக்கொண்டு போகிற வழக்கம் ஏற்கெனவே இருப்பதுதான், இப்போது ரசீது கிடைக்கும். அரசு தன் துறைகளில் எதற்கு வேண்டுமானாலும் இந்தச் சட்டத்திலிருந்து விலக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு பிரிவும் உண்டு.

சட்டம் வந்து இரண்டு வருடத்துக்கு மேல் கழித்து 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின. மக்களைக் காக்கிற முக்கியமான பிரிவுகள் அமலுக்கு வர இன்னும் 18 மாதம் என்றார்கள். நிறுவனங்கள் தயாராக அவகாசம் வேண்டுமாம். இன்னொரு பிரிவுக்கோ அவகாசமே வேண்டியிருக்கவில்லை, உடனே அமலுக்கு வந்துவிட்டது. அது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவைத் திருத்துகிறது. முன்பு, பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாத அல்லது அந்தரங்கத்தில் தேவையின்றி மூக்கை நுழைக்கிற சொந்த விவரத்தை மட்டும்தான் மறுக்கலாம், நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்று அங்கே இருந்தது. இப்போது தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம். பொதுநலன் கருதிக் கொடுக்க 8(2) இருக்கிறதே என்கிறது அரசு. இருக்கிறது, கொடுக்க மனசுள்ள அதிகாரிக்கு.

ஆகவே அந்த ராசிபுரத்து ஆயா தன் ரேஷன் கடைக்கு எத்தனை மூட்டை அரிசி வந்தது, யார் யார் பெயரில் போனது என்று இப்போது எழுதிக் கேட்டால், அது தனிநபர் தகவல், தர இயலாது என்று பதில் வரலாம். அவளுடைய ஆதார் எண் வெளியே போகாமல் காக்கும் பிரிவுகளுக்கு அவள் 2027 மே வரை பொறுத்திருக்க வேண்டும். அரிசி போன இடத்துக்கு அந்தரங்கம் அன்றைக்கே கிடைத்துவிட்டது.