ஓட்டக் காலணித் தேய்மானவியல்: ஒரு முன்னோட்டம்

அடியும் இடையும் மேலும் என்றாங்கு
முத்திறத் ததுவே ஓட்டக் காலணி
இடைமுன் மாயும் அடிபின் தேயுமே.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், தார்ச்சாலையில் நாள்தோறும் ஓடுவோர் அணியும் ஷூவின் உறுப்புகளையும் அவை சாகும் வரிசையையும் உணர்த்துதல் நுதலிற்று. தொல்லாசிரியர் எவரும் செய்ததன்று. தேவை கருதி யாமே செய்துகொண்டோம். அடி என்றது தரையைத் தொடும் ரப்பர். இடை என்றது அதன்மேல் அமர்ந்த ஃபோம், அதாவது மிட்சோல். மேல் என்றது பாதத்தைப் போர்த்தும் வலைத்துணி. லேஸைக் கூறாதது என்னை எனின், அது எந்தக் கடைத்தெருவிலும் தனியே கிடைக்கும் ஆகலின் உறுப்பாகாது என்க. பந்தய நாளில் மட்டும் அணியும் கார்பன் தகட்டு ஷூக்களும் இவ்வாய்வின் எல்லைக்குள் வாரா. நீடித்து உழைக்கும் என்று நம்பி அவற்றை எவரும் வாங்குவதில்லை.

ஆய்வுக்குக் காரணமான வழக்கு ஓடுபவர் வீடுகளில் பரவலாகக் காணப்படுவது. ஓடுபவர், "ஷூ செத்துப்போச்சு, புதுசு வாங்கணும்" என்பார். எதிர்த்தரப்பு அதைக் கவிழ்த்துப் பார்த்து, "அடியில கோடுகூட அழியலையே, போன வருஷம்தானே வாங்கினீங்க" என்னும். இருவர் கூற்றும் மெய். எதிர்த்தரப்பு அடியைப் பார்க்கிறது, ஓடுபவர் இடையைப் பேசுகிறார்.

அடியின் கதை சுருக்கமானது. ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கும் வழியை சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டார். அதற்குமுன் வெயிலில் இளகிக் குளிரில் விறைத்த பொருள் அது. இன்றைய ஷூவில், பெரும்பாலோர் முதலில் தரையில் ஊன்றும் குதிகாலின் வெளியோரத்தில், கார் டயருக்குச் சேர்ப்பதுபோல் கரித்தூள் சேர்த்த கடின ரப்பர் இருக்கும். முன்பாதத்தில் பெரும்பாலும் காற்று கலந்த மெத்தென்ற ரப்பர்; எடை குறைவு, தேய்வதும் சீக்கிரம். ரப்பரைத் தின்பதில் தூரத்தைவிட உராய்வுக்கே பங்கு அதிகம். "காலைத் தேய்ச்சுத் தேய்ச்சு நடக்காதே" என்று தாய்மார் சொல்லிவந்தது இத்துறையின் முதல் விதி; ஷூ வரும் அட்டைப்பெட்டியின்மேல் அச்சிடத் தக்கது.

வீட்டாருக்கும் இத்துறைக்கும் பகை புதிதன்று. ஓரிகன் பல்கலைக்கழகத் தடகளப் பயிற்சியாளர் பில் பவர்மேன், 1970களின் தொடக்கத்தில், மனைவி பார்பராவின் வாஃபிள் அச்சில் யூரித்தேன் கலவையை ஊற்றி சோல் வார்க்கப் பார்த்தார். அந்தக் கட்டம்போட்ட சோல் பின்னர் நைக்கிக்குப் பெரும்பேர் வாங்கித் தந்தது. அச்சு பாழ். பார்பரா அம்மையார் அன்று என்ன சொன்னார் என்பதை வரலாறு போதிய அக்கறையோடு பதியவில்லை என்பது எம் துணிபு. காரைக்குடியில் ஒருவர் பணியாரக் கல்லில் இதே சோதனையைச் செய்திருந்தால் பதிவு தெளிவாக இருந்திருக்கும். தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

இனி இடை. விலையும் வழக்கும் இங்கேதான். 1970களிலிருந்து ஓட்டக் காலணிகளில் பெருவழக்கான ஃபோம், எத்திலீன் வினைல் அசிட்டேட், சுருக்கமாக ஈ.வி.ஏ. அதனுள் நுண்குமிழிகள் நெருங்கி இருக்கும். காலை ஊன்றும்போது அவை நசுங்கும், எடுக்கும்போது மீளும். கிலோமீட்டருக்கு ஆறு நிமிட வேகத்தில் ஓடுபவர் ஒரு கிலோமீட்டரில் ஏறத்தாழ ஆயிரம் அடி வைப்பார், காலுக்கு ஐந்நூறு. ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட விசை இறங்குகிறது. 750 கிலோமீட்டருக்கு ஒரு ஷூ வாங்கும் அடி மூன்றே முக்கால் லட்சம். குமிழிச் சுவர்கள் மடங்கி, விரிசல் விட்டு, ஒரு கட்டத்தில் எழ மறுக்கின்றன. வெளியே ஒன்றும் தெரியாது. முழங்காலுக்குத் தெரியும்.

இதைக் காணும் முறைகள் பல. மிட்சோலின் பக்கவாட்டில் கட்டைவிரலால் அழுத்துவது ஒன்று. கல்லாக இருந்தாலும் குழைந்து போயிருந்தாலும் காலம் முடிந்தது. பக்கச் சுருக்கங்கள் ஷூவைக் கழற்றிவைத்த பின்னும் மறையாதிருப்பது இன்னொன்று. நம்பகமான மூன்றாவது முறை, இரண்டு ஷூவையும் சமதளத்தில் நிறுத்திப் பின்னாலிருந்து கண்மட்டத்தில் பார்ப்பது. குதிகால் ஒருபுறம் சாய்ந்திருந்தால் ஃபோம் அங்கே அமுங்கிவிட்டது. வீட்டில் அத்தகைய சமதளம் சாப்பாட்டு மேசை ஒன்றே. முறையியலின் இச்சிக்கலுக்கு இதுவரை தீர்வு இல்லை.

ஈ.வி.ஏ.வுக்கு இளைப்பாற நேரம் வேண்டும். ஆகவே இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி ஓடுக என்பர் அறிந்தோர். இவ்விதியை வீட்டில் எடுத்துரைக்கும் முறை தனி ஆய்வுக்குரியது. 2013-இல் அடிடாஸ், வேதிநிறுவனமான பி.ஏ.எஸ்.எஃப்.புடன் சேர்ந்து, பொரிந்த சிறு மணிகளை ஒட்டிச் செய்த பூஸ்ட் ஃபோமைக் கொண்டுவந்தது. அது எளிதில் சோர்வதில்லை, ஆனால் கனம். உழைப்பும் எடைக்குறைவும் ஒரே ஷூவில் முழுமையாகக் கிட்டுவதாக விளம்பரங்களில் மட்டுமே காண்கிறோம்.

மேல்துணி பெருவிரல் நகத்தால் சாகும். வேறு சொல்ல ஒன்றுமில்லை.

தட்பவெப்பத்தையும் கணக்கில் கொள்க. சென்னையில் விடியற்காலை ஐந்து மணிக்கே சட்டை நனையும். வியர்வை கணுக்கால் வழியே இறங்கி ஷூவுக்குள் தங்கும். அதை மொட்டைமாடி வெயிலில் காய வைத்தால் ஃபோமும் பசையும் கெடும். வைக்காவிட்டால் ஐப்பசியில் பூஞ்சை பூக்கும். நல்ல நாளுக்கு என்று பெட்டியிலேயே பத்திரப்படுத்துவோரும் தப்பவில்லை. பாலியூரித்தேன் சோல் ஈரக்காற்றில் மெல்லச் சிதையும் இயல்பினது; சில ஆண்டு கழித்து எடுத்து அணிந்தால் நாலாவது அடியில் உதிரும். ஓடாமல் வைத்தும் காலணியைக் கொல்லலாம் என்பது இதனால் பெறப்படும்.

அற்றேல், காலணியே வேண்டா எனின்? 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலில் வென்றார். 1964-இல் டோக்கியோவில் ஷூ அணிந்தும் வென்றார், மூன்று நிமிடம் சொச்சம் விரைவாக. இதிலிருந்து ஷூவைப் பற்றி ஒன்றும் நிறுவ முடியாது, பிகிலாவைப் பற்றித்தான் முடியும்.

எஞ்சியது பொருளியல். நாள்தோறும் ஓடும் ஷூ 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பது பொது வழக்கு. விலை 9,000 ரூபாய் என்று கொள்வோம். 500-இல் செத்தால் கிலோமீட்டருக்கு 18 ரூபாய். 2013-இல் தமிழ்நாடு அரசு சென்னை ஆட்டோக்களுக்கு நிர்ணயித்த கட்டணம், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்பால் கிலோமீட்டருக்கு 12. அதாவது சொந்தக் காலில் ஓடுவது ஆட்டோவில் போவதைவிடச் செலவு. 750 கிலோமீட்டரில்தான் ஷூ 12 ரூபாய்க்கு இறங்குகிறது. இதனை ஆட்டோ வரம்பு என்று பெயரிட்டு, இவ்வரம்பைக் கடப்பதே உழைக்கும் ஷூ என வரையறுக்கிறோம். அந்தக் கட்டணத்துக்கு வரும் ஆட்டோவைக் கண்டுபிடிப்பது வேறு துறையினர் கடன்.

எதிர்த்தரப்பு இக்கணக்கை ஏற்கவில்லை. ஓடுபவர் ஸ்ட்ராவா செயலியில் ஒரு ஜோடிக்கு ஓய்வு என்று குறித்துவிட்ட பிறகு, அது காய்கறிச் சந்தைக்குப் போகிறது, ரேஷன் கடை வரிசையில் நிற்கிறது, தண்ணீர்த்தொட்டி கழுவ மாடியேறுகிறது, முனையில் வாய்பிளந்தால் தெருமுக்குத் தொழிலாளியிடம் நான்கு தையல் வாங்கிக்கொண்டு திரும்புகிறது. இந்தத் தூரம் எந்த ஜிபிஎஸ் கடிகாரத்திலும் ஏறுவதில்லை. அதையும் கூட்டினால் கிலோமீட்டருக்கு நான்கைந்து ரூபாய்கூட ஆகாது, ஆகவே புதிய ஜோடிக்கு இப்போது அவசரமில்லை என்பது அவர்கள் வாதம். எம்மிடம் மறுப்பு இல்லை.