குறில் நெடில் ஆராய்ச்சி: பிக்கப் தொட்டியின் அளவும் டிரெய்லர்ப் புணர்ச்சியும்

பாயிரம்

டிரெய்லர் இழுக்கும் பிக்கப் டிரக்குக்குத் தொட்டி குட்டையாக இருக்க வேண்டுமா, நெட்டையாக இருக்க வேண்டுமா என்பது அமெரிக்கச் சிந்தனை மரபில் இன்னும் தீராத வினாக்களுள் ஒன்று. கடவுள் உண்டா என்ற வினாவுக்கு அங்கே ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். இந்த வினாவுக்கு வாரம் முழுதும் நேரம் உண்டு. பெட்ரோல் பங்கில், முகாம் மைதானத்தில், மாமனார் வீட்டு விருந்தில் என எங்கும் இது எழும். எழுந்தால் அடங்காது.

இதை ஆராய இயற்பியல் போதாது என்பது இவ்வாய்வின் கருதுகோள். தேவைப்படுவது தமிழ் இலக்கணம். ஒரு பொருளின் அளவு, இரண்டு பொருள்கள் சேர்வது, சேரும்போது ஏதேனும் உடைவது ஆகிய மூன்றுக்கும் நம்மிடம் மாத்திரை, புணர்ச்சி, விகாரம் என்று ஆயத்தமாகப் பெயர்கள் இருக்கின்றன. டெட்ராய்ட் பொறியாளர்களிடம் இவை இல்லாததே அங்கு குழப்பம் நீடிப்பதற்குக் காரணம்.

இயல் 1: எழுத்தியல்

பிக்கப்பின் தொட்டி குறில், நெடில் என இரு வகைப்படும். நெடிலின் அளவில் பிணக்கு இல்லை. அது 8 அடி. அமெரிக்க மரக்கடையில் பிளைவுட் பலகை 4 அடிக்கு 8 அடி என்ற அளவில் விற்பதால், அது முழுதாகப் படுத்துக்கொள்ளும் தொட்டியே நெடில் எனப்பட்டது.

குறிலில்தான் சிக்கல். ஃபோர்ட் எஃப்-150 போன்ற அரை டன் வண்டிகளில் குறில் என்பது ஏறத்தாழ 5½ அடி. அதே நிறுவனத்தின் கனரக வண்டிகளான எஃப்-250, எஃப்-350 ஆகியவற்றில் குறில் 6¾ அடி. ராம் கனரக வண்டியில் 6 அடி 4 அங்குலம். இவற்றுக்கிடையே எஃப்-150இல் 6½ அடித் தொட்டி ஒன்றும் உண்டு. அது குறிலும் அல்லாமல் நெடிலும் அல்லாமல் தனித்து நிற்பதால் ஆய்தம் எனக் கொள்க. நான்கு கதவு எஃப்-150 வைத்திருப்பவர் இந்த ஆய்தத்தை நீளத் தொட்டி என்று பெருமையாகச் சொல்வார். பக்கத்து வீட்டு எஃப்-350இன் குட்டைத் தொட்டி அதைவிட மூன்று அங்குலம் நீளம். அவர்கள் இருவரும் ஒரே அளவுநாடாவைப் பயன்படுத்துவதில்லை என்று தெரிகிறது.

இலக்கணத்தில் குறிலுக்கு ஒரு மாத்திரை என்றால் நெடிலுக்கு இரண்டு. இங்கே ஃபோர்டின் கனரகக் குறிலை ஒரு மாத்திரை என்று வைத்துக்கொண்டால், நெடில் ஒன்றே கால் மாத்திரைகூட வராது. இந்தக் கால் மாத்திரைக்கும் குறைவான வேறுபாட்டுக்காகவே இவ்வளவு சண்டையும் என்பதை ஆய்வுலகம் கவனிக்க.

வரலாற்றைப் பார்த்தால் முதற்பிக்கப் குறிலே. 1925இல் ஃபோர்ட் நிறுவனம் தொழிற்சாலையிலேயே தொட்டி பொருத்தி, மாடல் டி பிக்கப்பை 281 டாலருக்கு விற்றது. அதன் தொட்டி 56 அங்குலம், அதாவது ஐந்து அடிகூட இல்லை. பின்னர் தொட்டி வளர்ந்து நெடிலாயிற்று. அதன் பிறகு விவசாயி தன் குடும்பத்தையும் பிக்கப்பிலேயே ஏற்றிச் செல்ல விரும்பியபோது, முன்னால் அறை நீண்டு பின்னால் தொட்டி தேய்ந்தது. இன்று நான்கு கதவு எஃப்-150இல் 8 அடித் தொட்டி கேட்டால் கிடைக்காது. பிள்ளைகள் உள்ளே வந்தார்கள், பிளைவுட் வெளியே போயிற்று.

இயல் 2: புணரியல்

டிரக் நிலைமொழி, டிரெய்லர் வருமொழி. இவ்விரண்டும் சேரும் இடத்தைப் பொறுத்துப் புணர்ச்சி இருவகைப்படும்.

முதலாவது, புறப்புணர்ச்சி. வண்டியின் பின் பம்பருக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புப் பந்தில் டிரெய்லரின் மூக்கைக் கவ்வ விடுவது. டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் இந்தப் பந்தின் மேல் அமரும். பந்தோ பின் அச்சுக்குச் சில அடி பின்னால் இருக்கிறது. நெடுஞ்சாலையில் ஒரு பெரிய லாரி உரசுவதுபோல் கடந்து போனால், அந்தக் காற்றில் டிரெய்லர் தலையாட்டத் தொடங்கும். அச்சுக்குப் பின்னால் உள்ள அந்த நீளமே நெம்புகோலாகி டிரக்கின் பின்புறத்தையும் ஆட்டும்.

இங்கே தொட்டி எத்தனை அடி என்று டிரெய்லருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் அது விரும்பாது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம் மட்டுமே அதற்குப் பொருட்டு. நான்கு கதவு எஃப்-350இல் குறிலுக்கு இது 160 அங்குலம், நெடிலுக்கு 176. டிரெய்லர்க்காரர்களிடையே வழிவழியாக ஒரு வாய்பாடு உண்டு: அச்சிடைத் தூரம் 110 அங்குலம் என்றால் 20 அடி டிரெய்லர், அதற்கு மேல் ஒவ்வொரு 4 அங்குலத்துக்கும் ஓர் அடி கூட்டிக்கொள்ளலாம். இதன்படி குறிலுக்கு 32½ அடி, நெடிலுக்கு 36½ அடி. கணக்கு அழகாக வருகிறது. ஆனால் டிரெய்லருக்குள் பொருள்களை எங்கே அடுக்கினோம் என்பதை இந்த வாய்பாடு கேட்பதே இல்லை. கனமான பெட்டிகளையெல்லாம் பின்கோடியில் ஏற்றியவருக்கு நெடிலும் துணை வராது.

இரண்டாவது, அகப்புணர்ச்சி. தொட்டிக்குள்ளேயே, பின் அச்சுக்கு நேர் மேலே அல்லது சற்று முன்னே இணைப்பு அமைவது. குதிரையும் வைக்கோலும் ஏற்றும் பண்ணைக்காரர்கள் தொட்டித் தரையில் பந்து வைத்து கூஸ்நெக் டிரெய்லரைக் கோப்பார்கள். வீட்டையே இழுத்துச் செல்கிறவர்கள் ஃபிஃப்த் வீல் என்ற தட்டுக் கொக்கியில் டிரெய்லரின் கிங்பின் என்ற இணைப்பாணியைப் பூட்டுவார்கள். எடையில் ஏறத்தாழ 20 முதல் 25 சதவீதம் அச்சின் தலைமேல் நேராக இறங்குவதால் ஆட்டம் மிகக் குறைவு. அகப்புணர்ச்சியே இனிமையானது என்பதில் இரு சாராருக்கும் உடன்பாடு. வண்டி திரும்பும் வரை.

இயல் 3: விகாரவியல்

நேர்ச்சாலையில் நடப்பது இயல்பு புணர்ச்சி. திருப்பத்தில் நடப்பது விகாரப் புணர்ச்சி. இதை எண்ணால் நிறுவலாம்.

பெரிய ஃபிஃப்த் வீல் டிரெய்லரின் அகலம் 102 அங்குலம். பாதி 51. டிரக்குக்குச் செங்குத்தாக டிரெய்லர் திரும்பி நிற்கும்போது, கிங்பின்னிலிருந்து அதன் பக்கச்சுவர் 51 அங்குலம் முன்னோக்கி வரும். அச்சிலிருந்து ஓட்டுநர் அறையின் பின்சுவர் வரை நெடிலில் சுமார் 56 அங்குலம் இருக்கிறது. ஐந்து அங்குலம் மிச்சம், எல்லோரும் நலம். கனரகக் குறிலில் சுமார் 40 அங்குலம்தான். ஆக, 11 அங்குல டிரெய்லர் ஓட்டுநர் அறைக்குள் வந்தாக வேண்டும்.

விகாரம் மூன்று என்பது நாம் அறிந்ததே. முதலில் அறையின் மூலையில் ஒரு நெளிவு புதிதாக வரும், இது தோன்றல். அடுத்து கதவுத்தூண் கோணும், இது திரிதல். கடைசியில் பின்கண்ணாடி இருந்த இடத்தில் இல்லாமற்போகும், இது கெடுதல். மூன்றும் முகாம் மைதானத்தில், மணிக்கு இரண்டு மைல் வேகத்தில், பின்னோக்கி நகரும்போது நிகழ்வனவே. பின்னால் நின்று கைகாட்டும் இல்லத்தரசர் டிரெய்லரின் வால் மரத்தில் இடிக்குமா என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பார். ஓட்டுநரும் பக்கக் கண்ணாடியில் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். தலைக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் வந்துகொண்டிருக்கும் மூலையை யாரும் பார்ப்பதில்லை.

இயல் 4: அளபெடை

ஓசை குறையும் இடத்தில் எழுத்து நீண்டு அதை நிறைப்பது அளபெடை. குறில் தொட்டிக்காரர்களுக்கும் இதே வழி உண்டு. அந்த இணைப்புத் தட்டே பின்னால் நகரும், நகரும் ஹிட்ச் என்று பெயர்.

இதில் கையால் நகர்த்துவது ஒரு வகை. இறுக்கமான திருப்பத்துக்கு முன் வண்டியை நிறுத்தி, இறங்கி, தொட்டியோரம் கையை விட்டு நெம்பியை இழுக்க வேண்டும். மறுபடி ஏறி, டிரெய்லர் பிரேக்கை மட்டும் தனியே பிடித்துக்கொண்டு டிரக்கை மெல்ல முன்னால் விட வேண்டும். தண்டவாளத்தில் தட்டு ஓர் அடி அளவுக்குப் பின்னால் சறுக்கி 'டக்' என்று பூட்டும். அந்த 'டக்' கேட்காமல் கிளம்புகிறவர் மேற்படி மூன்று விகாரங்களையும் மறுபடி காணலாம். வேலை முடிந்ததும் தட்டை இதேபோல் முன்னுக்குக் கொண்டுவந்துதான் நெடுஞ்சாலை ஏற வேண்டும். மழையில் இதைச் செய்தவர் நெடில் வாங்கியவரைப் பொறாமையோடு பார்ப்பார்.

மற்றொன்று தானியங்கி. திருப்பம் கூடக்கூடத் தட்டு தானே பின்னால் போய், நேரானதும் தானே திரும்பும். விலையும் எடையும் அதிகம். இவை தவிர, பல டிரெய்லர்களின் முன்மூலைகளைச் செதுக்கியே செய்கிறார்கள். தவறு டிரக்கினுடையது, திருத்தம் டிரெய்லருக்கு.

இயல் 5: அகமும் புறமும்

இவ்வளவு பாடு எதற்கு, நெடிலையே வாங்கிவிடலாமே என்பது நியாயமான ஐயம். விடை: டிரெய்லர் ஆண்டில் சில வாரம்தான் பின்னால் வரும். மற்ற நாளெல்லாம் தொட்டி மட்டும் பின்னால் வரும்.

நான்கு கதவும் 8 அடித் தொட்டியும் உள்ள எஃப்-350 சுமார் 22 அடி நீளம். அமெரிக்க வாகன நிறுத்தக் கட்டம் பொதுவாக 18 அடி. மளிகைக் கடை வாசலில் நான்கு அடி டிரக் நடைபாதையில் நிற்கும், அல்லது வழியில் நிற்கும். 20 அடி ஆழமுள்ள வீட்டு கராஜில் கதவு மூடாது. இதனால் அகவாழ்வில் குறிலும் புறவாழ்வில் நெடிலும் சிறக்கும் என்பது பெறப்படும். நான்கு கதவு டீசல் எஃப்-350இல் நெடிலுக்கு 48 கேலன் எண்ணெய்க் கலன், குறிலுக்கு 34 கேலன் என்பதையும் புறவாழ்வின் கணக்கில் சேர்க்க. டிரெய்லரோடு பங்குக்குள் நுழைந்து திரும்புவது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்தவர்களுக்கு இந்த 14 கேலனின் அருமை புரியும்.

இயல் 6: மறுப்பும் மறுப்புக்கு மறுப்பும்

குறில்வாதிகள் கடைசியில் எடுக்கும் பிரம்மாஸ்திரம் ஒன்றுண்டு. 2012 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் எண்டவர் விண்வெளி ஓடத்தை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனபோது, நெடுஞ்சாலைப் பாலத்தின் மேல் அதை இழுத்தது ஒரு டொயோட்டா டண்ட்ரா. நான்கு கதவு, குட்டைத் தொட்டி. விண்வெளிக்குப் போய்வந்ததையே குறில் இழுத்துவிட்டது, உங்கள் டிரெய்லர் எம்மாத்திரம் என்பது வாதம்.

வாதம் பொலிவானது, ஆனால் செல்லாது. அன்று இழுத்த தூரம் கால் மைல் அளவு. வேகம் நடைவேகம். எதிர்க்காற்று இல்லை, மலை இறக்கம் இல்லை, வளைவும் இல்லை. இழுப்பது இயந்திரத்தின் வேலை. நிறுத்துவதும் திரும்புவதும் தாங்குவதும்தான் டிரக்கின் வேலை.

முடிபு

தாங்குவது என்ற சொல்லோடு ஆய்வு முடிவுக்கு வருகிறது. 12,000 பவுண்டு ஃபிஃப்த் வீலில் 20 சதவீதம் என்றாலே 2,400 பவுண்டு அச்சின் மேல் இறங்குகிறது. பல எஃப்-150 வண்டிகள் ஆட்களையும் சேர்த்து ஏற்றக்கூடிய மொத்தச் சுமை 2,000 பவுண்டைத் தொடுவதில்லை. அந்த வண்டியில் தொட்டி எத்தனை அடி என்று வாதிடுவது வீண். வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை வரம்பு ஒன்றாக இருந்து தொட்டி நீண்டால், கூடுதல் இரும்பின் எடை ஏற்றக்கூடிய சுமையிலிருந்துதான் கழியும்.

எனவே தீர்ப்பு: பம்பர் பந்தில் இழுப்பவருக்குக் குறில் போதும். பெரிய ஃபிஃப்த் வீல் இழுப்பவர் நெடில் வாங்குக. நெடிலை நிறுத்த வீட்டில் இடமில்லாதவர் கனரகக் குறிலோடு தானியங்கி நகரும் ஹிட்ச் வாங்குக. எவராயினும் டிரெய்லரை முதலில் முடிவு செய்து, டிரக்கைப் பிறகு வாங்குக. விற்பனைக் கூடத்தில் அளவுநாடாவை எடுக்கும் முன் ஓட்டுநர் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள் பட்டை போட்ட சிறு தாளைப் படியுங்கள். அந்த வண்டி எவ்வளவு சுமக்கும் என்பது அதில் அச்சாகியிருக்கிறது. விற்பனையாளர் அதைக் காட்ட மாட்டார், நீங்கள்தான் குனிந்து பார்க்க வேண்டும்.