மழைக்கும் ஆள் பார்த்து விதி

2023 ஆசியக் கோப்பை கிரிக்கெட்டை நடத்தியது பாகிஸ்தான். இந்தியா அங்கே போகாது என்றதால் 13 ஆட்டங்களில் 9 இலங்கைக்குப் போயின. கல்யாணம் நம் வீட்டில், பந்தி மட்டும் பக்கத்து ஊரில்.

செப்டம்பரில் கொழும்பில் மழை. சூப்பர் 4 சுற்றில் ஆறு ஆட்டங்கள். இந்தியா-பாகிஸ்தான் ஆட்டத்துக்கு மட்டும், தொடர் பாதி ஓடிய பிறகு, மாற்று நாள் ஒதுக்கினார்கள். மற்றவர்கள் நனைந்தால் தலையைத் துவட்டிக்கொண்டு ஆளுக்கொரு புள்ளியோடு கிளம்ப வேண்டியதுதான். இந்தச் சலுகையால், 10, 11, 12 என்று மூன்று நாளும் தொடர்ந்து களமிறங்கியது இந்தியாதான்!

அதற்கு முந்தைய சுற்றில், லாகூரில் இலங்கையோடு ஆப்கானிஸ்தான் ஆடிய ஆட்டத்தின் கதை இன்னும் மோசம். அடுத்த சுற்றுக்குப் போக ஆப்கானிஸ்தான் 37.1 ஓவரில் 292 எடுக்க வேண்டும். அது தவறினாலும் அடுத்த சில பந்துகளுக்குள் ஒரு சிக்சர் அடித்தால் போதும். அந்தக் கணக்கை யாரும் தங்களுக்குச் சொல்லவில்லை என்றார் பயிற்சியாளர் ஜொனாதன் டிராட். எதிர்முனையில் ரஷீத் கான் சும்மா நிற்க, இரண்டு ரன்னில் தோற்றார்கள்.

தொடர் முழுக்க ஒழுங்காக வேலை பார்த்தவர்கள் ஆடுகளத்தை மூடித் திறந்த மைதான ஊழியர்கள்தான். இறுதியாட்ட நாயகன் சிராஜ் தன் பரிசுப் பணத்தை அவர்களுக்கே கொடுத்தார்.