எச்சில் ஊறுதே, டாக்டர்!

கே: பல்லுக்கு க்ளிப் போட்டதிலிருந்து எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது. ஏதாவது வியாதியா?
(ப்ளஸ் ஒன் மாணவி, கரூர்)

ப: இல்லை. வாய்க்குள் எது நுழைந்தாலும் சாப்பாடுதான் என்று நம்பிவிடுகிற அப்பாவிகள் உமிழ்நீர்ச் சுரப்பிகள். கம்பி ஜீரணமாகாது என்று சில நாட்களில், மிஞ்சிப்போனால் இரண்டொரு வாரத்தில், தெரிந்துகொள்ளும். அதுவரை துப்பிக்கொண்டிருக்காமல் விழுங்குங்கள்.

கே: இத்தனை எச்சில் வந்தால் வாய் தானாகவே சுத்தமாகிவிடுமே?
(வி.ஆர்., திண்டுக்கல்)

ப: பிரஷ்ஷுக்கு லீவு கேட்கிறீர்கள், புரிகிறது! சாதாரணமாகவே தினம் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கிறது. அமிலத்தை முறிக்கும், எனாமல் இழந்த கால்சியத்தைத் திருப்பித் தரும். ஆனால் கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் பிராக்கெட்டைச் சுற்றி அப்பிக்கொண்ட அழுக்கை எச்சிலால் கழுவ முடியாது. அதற்குக் கைதான் வேலை செய்ய வேண்டும்.

கே: டீக்கு இரண்டு பிஸ்கட், நடுவில் ஒரு கடலைமிட்டாய். தப்பா?
(எம்.கே., மதுரை)

ப: கடலைமிட்டாய் பிராக்கெட்டையே பெயர்த்துவிடும். டீயும் பிஸ்கட்டும் வேறு கதை. சர்க்கரை பட்ட சில நிமிடங்களில் பல்லில் படிந்த அழுக்கில் அமிலம் ஏறி அதன் பி.எச். 5.5-க்கும் கீழே இறங்கலாம். எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணி, ஒரு மணி நேரம்கூட ஆகும். அதற்குள் அடுத்த டீ வந்தால் பாவம், அது என்னதான் செய்யும்? இனிப்பைச் சாப்பாட்டோடு சேர்த்தே முடித்துக்கொள்ளுங்கள்.

கே: காலையில் எழுந்தால் வாய் காய்ந்து கிடக்கிறதே?
(ஜே.பி., நாகர்கோவில்)

ப: தூங்கும்போது சுரப்பு வெகுவாகக் குறைந்துவிடும். வாயால் மூச்சு விட்டால் இருக்கிற ஈரமும் போய்விடும். பல்லுக்குக் காவல் இல்லாத நேரம் அது. ராத்திரி ஃப்ளூரைடு பேஸ்ட்டால் தேய்த்து, கம்பிக்கு அடியில் சின்ன இடுக்கு பிரஷ்ஷையும் விட்டு எடுத்த பிறகே படுங்கள்.

கே: க்ளிப்பைக் கழற்றியதும் அண்ணன் பல்லில் வெள்ளைத் திட்டுகள். ஏன்?
(எஸ்.எல்., தஞ்சாவூர்)

ப: பிராக்கெட் ஒட்டியிருந்த இடம் தப்பித்திருக்கும், அதைச் சுற்றித்தான் சுண்ணாம்பு அடித்ததுபோல் இருக்கும். சரியாகத் தேய்க்காதவர்களுக்கு ஒரு மாதத்திலேயே தொடங்கிவிடலாம். மேல் முன்பற்களில் அதிகம் வரும், அங்கே எச்சில் பாய்வது குறைவு. ஆரம்பத்திலேயே டாக்டரிடம் காட்டினால் ஓரளவு தேற்றலாம்.

கே: பேசினால் எதிரில் இருப்பவர் மேல் தெறிக்கிறதே!
(ஆசிரியை, சேலம்)

ப: நாக்கு புதுக் கம்பிக்குப் பழகினால் அடங்கிவிடும். வீட்டில் தினமும் செய்தித்தாளைச் சத்தம் போட்டுப் படியுங்கள். வகுப்பில் முதல் பெஞ்ச்சை மட்டும் கொஞ்ச நாள் காலியாக விடுங்கள், பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள்.