மறுபடியும் வருகிறது!

கேள்வி: பாஸ்போர்ட், பங்கு, படம், புத்தகம் என்று எதையெதையோ மறுபடி வெளியிடுகிறார்களே, எல்லாம் ஒரே வேலைதானா?

பதில்: இல்லவே இல்லை. பாஸ்போர்ட்டில் ஆள் அதே ஆள், எண்தான் புதிது. பங்கில் ஆளே மாறிவிடுகிறார். தவணை கட்டாதவரிடம் பறிமுதல் செய்த பங்கை நிறுவனம் இன்னொருவருக்குக் கொடுக்கும். தள்ளுபடியும் தரலாம், ஆனால் பழையவர் கட்டி இழந்த தொகையை அது தாண்டக்கூடாது. பிளஸ் டூ வணிகவியல் மாணவரைக் கேளுங்கள், தூக்கத்திலும் சொல்வார். சினிமாவில் மாறுவது ரசிகர். 1964-இல் வந்த 'கர்ணன்' 2012-இல் டிஜிட்டலில் திரும்பி வந்தபோது, 1964-இல் பிறந்தே இராதவர்களும் கைதட்டினார்கள்.

புத்தகம்தான் இவற்றில் பெரிய விஷயம். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார். இருபது ஆண்டு கழித்து, 1907-இல், இரண்டாம் பதிப்பு. அப்படியே மறுபடி அச்சடித்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ பிறகு கிடைத்த ஏடுகளையும் பார்த்துத் திருத்தினார். தன் பதிப்புக்குத் தானே முதல் பிழைதிருத்துநர்! மறுபதிப்பு என்றால் எனக்கு அதுதான்.

இன்று சில மறுபதிப்புகளில் முதல் பதிப்பு வந்த ஆண்டுகூட இருப்பதில்லை. வாசகரை இருட்டில் நிறுத்தும் காரியம் இது. அடுத்த முறை வாங்கும்போது உள்பக்கத்தில் தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால் பதிப்பகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். நானும் போடுகிறேன்.